கணுவின் கீழ் இருக்கும் பிக்கப்புக்கு ஹார்மோனிக் கேட்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மரம், தந்திகளின் பருமன், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தவை பெரும்பாலும் சரியானவை. புதிதாகத் தொடங்குவோருக்குப் பயன்படக்கூடியவை. ஆனால் தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் இடத்தையும், தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் இயற்கை ஹார்மோனிக்ஸையும் பற்றிய பத்தியில் மட்டும் ஒரு கருத்து தலைகீழாக வந்துவிட்டது. நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்கப், 24ஆவது ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே பொருத்தப்படுகிறது என்றும், அந்த இடம் தந்தியின் ஹார்மோனிக் புள்ளிகளுள் ஒன்று என்பதால் ஹார்மோனிக்ஸ் அங்கே மிகத் தெளிவாகப் பிடிபடுகிறது என்றும், ஆகவே 24 ஃபிரெட் உள்ள கிட்டார்களைத் தவிர்த்து 22 ஃபிரெட் உள்ளவற்றையே வாங்குவது நல்லது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். இவற்றுள் முதல் கூற்று பல கிட்டார்களுக்குப் பொருந்தும். அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுகள் இரண்டும் பொருந்தா. அந்த இடம் ஹார்மோனிக் புள்ளியாக இருப்பதாலேயே ஒரு ஹார்மோனிக் வரிசை முழுவதும் அந்தப் பிக்கப்புக்குக் கேட்காமல் போகிறது.

இது கட்டுரையாளர் ஒருவருடைய பிழை மட்டுமே என்று சொல்ல மாட்டேன். கிட்டார் விற்பவர்களும் கற்றுத் தருபவர்களும் இதை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுவதால் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கிட்டார் கற்பிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழிலாக இருப்பதால், இதைச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

இரு முனைகளிலும் இறுகக் கட்டப்பட்ட தந்தியை மீட்டும்போது அது ஒரே வகையில் அதிர்வதில்லை. முழு நீளமும் ஒரே வளைவாக அசையும் அடிப்படை அதிர்வோடு, தந்தி இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எனச் சம பாகங்களாகப் பிரிந்து அசையும் அதிர்வுகளும் ஒரே நேரத்தில் அதில் கலந்திருக்கின்றன. கிட்டார் வாசிப்பவர்கள் ஹார்மோனிக்ஸ் என்று சொல்லும் சீரிசைகள் இவையே. நான்கு பாகங்களாக அதிர்வது நான்காம் சீரிசை. அதன் அதிர்வெண் அடிப்படை அதிர்வெண்ணைப் போல நான்கு மடங்கு. பாகங்களுக்கு இடையே அசையாமல் நிற்கும் புள்ளிகள் கணுக்கள். மிகுதியாக அசையும் இடங்கள் எதிர்க்கணுக்கள். இந்தப் பாகுபாட்டை 1701இல் தெளிவுபட எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் சோவர். செவித்திறன் குன்றியவர் என்று சொல்லப்படும் ஒருவர் ஒலியியலுக்கு அடித்தளம் அமைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கும்.

இயற்கை ஹார்மோனிக் வாசிக்கும்போது, தந்தியை ஃபிரெட்டின் மீது அழுத்தாமல் ஒரு புள்ளியில் விரலை மெல்ல வைத்து மீட்டி, உடனே விரலை எடுத்துவிடுகிறோம். விரல் பட்ட இடத்தில் அசைய வேண்டிய அதிர்வுகளெல்லாம் தணிந்துவிடுகின்றன. அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட அதிர்வுகள் மட்டும் பிழைத்துக்கொள்கின்றன. 12ஆவது ஃபிரெட்டின் மேல், அதாவது தந்தியின் நடுவில், தொட்டால் 2, 4, 6, 8 என இரட்டைப்படைச் சீரிசைகள் எஞ்சும். 7ஆவது ஃபிரெட்டின் மேல் தொட்டால் 3, 6, 9 என்ற வரிசை. 5ஆவது ஃபிரெட்டில் தொட்டால் 4, 8, 12 என்ற வரிசை. 4ஆவது ஃபிரெட்டுக்குச் சற்றே பின்னால், தந்தியின் தலைப்பக்க முனையான நட் இருக்கும் பக்கமாகத் தொட்டால் ஐந்தாம் சீரிசையின் வரிசை. 3ஆவது ஃபிரெட்டைச் சற்றுத் தாண்டி ஆறாம் சீரிசையும், அதற்குச் சற்றுப் பின்னால் 2ஆவது, 3ஆவது ஃபிரெட்டுகளுக்கு நடுவே ஏழாம் சீரிசையும் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒலிப்பது தனியொரு சீரிசையாக இல்லாமல் ஒரு வரிசையாக இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்; பின்னால் வரும் கணக்கு முழுவதும் அதன் மீதே நிற்கிறது.

இனி பிக்கப்புக்கு வருவோம். காந்தத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட கம்பிச்சுருளுக்கு மேலே எஃகுத் தந்தி அசையும்போது, சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது; அந்த மாற்றத்தின் வேகத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி இதுதான். இதில் நம் விவாதத்துக்குத் தேவையான செய்தி ஒன்றே: பிக்கப் தந்தி முழுவதையும் கேட்பதில்லை. தனக்கு நேர் மேலே இருக்கும் சிறிய துண்டின் அசைவை மட்டுமே அது கேட்கிறது. அந்தத் துண்டு ஒரு சீரிசைக்கு எதிர்க்கணுவாக இருந்தால் அந்தச் சீரிசை முழு வலிமையோடு மின்சாரமாகிறது. கணுவாக இருந்தால், தந்தியின் மற்ற பாகங்கள் எவ்வளவு வீச்சோடு அதிர்ந்தாலும், பிக்கப்பைப் பொறுத்தவரை அந்தச் சீரிசை இல்லாத ஒன்று.

கணக்காகப் பார்க்க விரும்புவோருக்கு விதி எளியது. கிட்டாரின் உடல் பக்கத்தில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து பிக்கப் இருக்கும் தூரத்தைத் தந்தியின் நீளத்தால் வகுத்து, சீரிசையின் எண்ணாலும் 180 பாகையாலும் பெருக்க வேண்டும். கிடைக்கும் கோணத்தின் சைன் மதிப்பே, அந்தச் சீரிசையில் எத்தனை பங்கு அந்தப் பிக்கப்புக்கு எட்டுகிறது என்பதைக் காட்டும். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியைக் கணுவாகக் கொண்ட சீரிசைகள் எழாது என்பதை 1800இலேயே தாமஸ் யங் எழுதிவிட்டார். மீட்டும் இடத்துக்கு அவர் சொன்ன அதே விதி, கேட்கும் இடத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

இந்த விதியைத் தெரிந்த ஒரு கிட்டாரில் பொருத்திப் பார்க்கலாம். 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தி நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. அதன் மூன்று பிக்கப்புகளுள் நெக் பிக்கப் பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ 162 மி.மீ. தள்ளி இருக்கிறது. 648ஐ 4ஆல் வகுத்தால் 162. 24ஆவது ஃபிரெட் இருந்தால் அது வந்து விழும் இடமும் அதுவே. ஆக, கட்டுரையாளர் சொன்ன இடம் சரி. ஆனால் தந்தியின் கால் பங்கு தூரத்தில் நான்காம் சீரிசைக்குக் கணு இருக்கிறது; எட்டாம் சீரிசைக்கும் பன்னிரண்டாம் சீரிசைக்கும் பதினாறாம் சீரிசைக்கும் அங்கேயே கணு இருக்கிறது. 5ஆவது ஃபிரெட்டில் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கில் இருப்பவை இந்தச் சீரிசைகள் மட்டுமே. ஆகவே அந்த ஹார்மோனிக் ஒரு கூறு விடாமல் நெக் பிக்கப்பின் காதுக்குத் தப்பிவிடுகிறது.

இதை நம்ப என் சொல் வேண்டியதில்லை. கிட்டார் வைத்திருப்பவர் எவரும் உடனே பார்த்துவிடலாம். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சை நெக் பிக்கப்புக்குத் தள்ளிவிட்டு, ஆம்ப்ளிஃபயரை அணைத்து வைத்து, மூன்றாவது தந்தியில் 5ஆவது ஃபிரெட் ஹார்மோனிக்கை எழுப்புங்கள். மீட்டும் சிறு தகடான பிக்கைப் பிரிட்ஜுக்கு அருகில் வைத்து மீட்ட வேண்டும். மரத்தின் வழியே மெல்லிய, கூர்மையான ஒலி தெளிவாகக் கேட்கும். இப்போது ஆம்ப்ளிஃபயரை இயக்கி அதே போல வாசித்தால், மீட்டும்போது எழும் ஒரு மங்கிய தட்டல் வரும். சுரம் மிகவும் நலிந்து, ஏதோ சுவருக்கு அப்பால் ஒலிப்பது போல வரும். விரலைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டு, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே ஸ்விட்சைப் பிரிட்ஜ் பிக்கப்புக்குத் தள்ளுங்கள். மீண்டும் மீட்டாமலேயே அந்தச் சுரம் பளிச்சென்று வெளிவரும். தந்தி அதுவரை அந்தச் சுரத்தைத்தான் பாடிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியது கேட்கவில்லை, அவ்வளவே. அடுத்ததாக, 5ஆவது ஃபிரெட்டுக்குப் பதிலாக நெக் பிக்கப்பின் நேர் மேலேயே விரலை மெல்ல வைத்து அதே ஹார்மோனிக்கை எழுப்பிப் பாருங்கள். முடிவு அதேதான். எந்த ஃபிரெட்டிலும் அழுத்தாத திறந்த தந்தியில் எந்தப் பிக்கப்பின் நேர் மேலே தொட்டு எந்த ஹார்மோனிக்கை எழுப்பினாலும் அந்தப் பிக்கப்புக்கு அது கேட்காது, ஏனெனில் தொட்ட இடம் எப்போதும் கணுவாகிவிடுகிறது.

நெக் பிக்கப்பில் எல்லா ஹார்மோனிக்ஸும் மங்கிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் தவறாகும். 7ஆவது ஃபிரெட் ஹார்மோனிக்கில் மூன்றாம் சீரிசை பத்தில் ஏழு பங்கும், ஆறாம் சீரிசை முழுவதுமாகவும் அங்கே கேட்கும். 12ஆவது ஃபிரெட் ஹார்மோனிக் இன்னும் சுவையானது. அதன் வரிசையில் 2, 6, 10 ஆகியவை முழு வலிமையோடு கேட்க, 4, 8, 12 ஆகியவை மறைந்துவிடுகின்றன. எழுந்த சுரத்தையே அடிப்படையாக வைத்து எண்ணினால், ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டும் எஞ்சுகின்றன. ஒருபுறம் மூடிய குழாயின் ஒலியில் இருக்கும் அதே அமைப்பு இது. நெக் பிக்கப்பில் 12ஆவது ஃபிரெட் ஹார்மோனிக் உருண்டையாக, உள்ளீடற்று, ஊது கருவி போல ஒலிப்பதற்குக் காரணம் மரமோ தந்தியோ இல்லை. கால் பங்கு தூரம்தான்.

பிரிட்ஜ் பிக்கப்பில்தான் ஹார்மோனிக்ஸ் துலங்கும் என்று வாசிப்பவர்கள் சொல்வது அனுபவத்தில் சரி. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் அரைகுறையானது. பிரிட்ஜ் அருகே உயர் சீரிசைகள் மிகுதி என்பார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப் சராசரியாக 41 மி.மீ. தூரத்தில், தந்தி நீளத்தில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கில் இருக்கிறது. அங்கே நான்காம் சீரிசை பத்தில் ஏழு பங்கும், ஐந்தாம் சீரிசை பத்தில் எட்டுப் பங்குக்கு மேலும், ஏழாம், எட்டாம் சீரிசைகள் ஏறக்குறைய முழுவதுமாகவும் கேட்கின்றன. ஆனால் நெக் பிக்கப்பிலும் ஐந்தாம், ஏழாம் சீரிசைகள் பத்தில் ஏழு பங்கும், ஆறாம் சீரிசை முழுவதுமாகவும் கேட்கத்தானே செய்கின்றன? அப்படியிருந்தும் பிரிட்ஜ் பிக்கப்பில் அவை தூய்மையாக ஒலிப்பது ஏன்? என் கருத்தில், அங்கே எது கேட்கவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. விரல் எவ்வளவு நேர்த்தியாகத் தொட்டாலும் அடிப்படை அதிர்வின் மிச்சமும், மீட்டலின் தட்டலும் தந்தியில் சிறிது தங்கிவிடும். நெக் பிக்கப் அந்த அடிப்படை அதிர்வில் பத்தில் ஏழு பங்கைக் கேட்கிறது. பிரிட்ஜ் பிக்கப் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே கேட்கிறது. வேண்டாத மிச்சத்தைக் கேளாமல் விடுவதே அதன் திறமை. ஒலியைச் சிதைத்து அழுத்தும் டிஸ்டார்ஷன் வைத்து வாசிக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. மிச்சம் குறைந்த இடத்தில் சீரிசை தனித்து எழுந்துவிடும். ஜாஸ் பாஸ் கிட்டாரில் ஹார்மோனிக்ஸுக்குப் புகழ்பெற்ற ஜாக்கோ பாஸ்டோரியஸ் பிரிட்ஜ் பிக்கப்பையே பெரிதும் நாடியதை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால், பருத்த தந்திகளுக்கு அது பிரிட்ஜிலிருந்து சற்று விலகியும், மெல்லிய தந்திகளுக்குச் சற்று நெருங்கியும் நிற்கிறது. வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கையில் இந்தச் சாய்வு மாறிப்போனது. ஆறாவது தந்தியும் முதல் தந்தியும் ஒரே ஹார்மோனிக்கை வெவ்வேறு அளவில் தருவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்.

கட்டுரையில் ஒரு சொல்கூட இடம்பெறாத நடுப் பிக்கப்பைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். அது பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ 98 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. மூன்றாம், நான்காம் சீரிசைகளை அது ஏறக்குறைய முழுவதுமாகக் கேட்கிறது. ஆறாம், ஏழாம் சீரிசைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அதற்கு எட்டுகிறது. அதாவது நெக் பிக்கப்புக்குக் கேட்காத 5ஆவது ஃபிரெட் ஹார்மோனிக் நடுப் பிக்கப்பில் நன்றாக ஒலிக்கும். நெக்கில் நன்றாக ஒலிக்கும் 3ஆவது ஃபிரெட் அருகிலுள்ள ஹார்மோனிக் நடுவில் நலிந்துவிடும். நெக்கிலிருந்து பிரிட்ஜை நோக்கிச் செல்லச் செல்ல ஹார்மோனிக்ஸ் படிப்படியாக வலுப்பெறும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதுவே போதும்.

இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கவிடும்போது நடப்பது இன்னும் விந்தையானது. தொடக்கத்தில் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று நிலைகள் கொண்ட ஸ்விட்சே இருந்தது. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்து, சேர்ந்த ஒலியைப் பெற்று வந்தார்கள். 1977இல்தான் நிறுவனமே ஐந்து நிலை ஸ்விட்சைப் பொருத்தியது. நெக்கும் நடுவும் சேர்ந்து ஒலிக்கும் நிலையை எடுத்துக்கொள்வோம். ஒன்று 162 மி.மீ., மற்றது 98 மி.மீ.; இரண்டுக்கும் நடுப்புள்ளி 130 மி.மீ. தந்தி நீளத்தின் ஐந்தில் ஒரு பங்கும் 130 மி.மீ.க்கு மிக அருகிலேயே வருகிறது. அது ஐந்தாம் சீரிசையின் கணு. கணுவின் இருபுறமும் தந்தி எதிரெதிர்த் திசைகளில் அசைவதால், ஒரு பிக்கப்பில் மின்னழுத்தம் உயரும் கணத்தில் மற்றதில் அதே அளவு தாழ்கிறது. கூட்டினால் ஏறக்குறைய ஒன்றும் எஞ்சுவதில்லை. தனித்தனியே இரண்டு பிக்கப்புகளிலும் நன்றாகக் கேட்கும் 4ஆவது ஃபிரெட் ஹார்மோனிக், இரண்டும் சேர்ந்தவுடன் அடங்கிப்போகிறது. அதே நேரத்தில் நெக் பிக்கப்பில் கேட்காமல் இருந்த 5ஆவது ஃபிரெட் ஹார்மோனிக், நடுப் பிக்கப்பின் துணையால் திரும்பி வந்துவிடுகிறது. ஸ்விட்சை ஒரே ஒரு படி நகர்த்தியதில் ஒரு ஹார்மோனிக் வந்தது, பக்கத்து ஃபிரெட்டிலிருந்த இன்னொன்று போனது. என் மாணவர்களுக்கு இந்த விஷயத்தைப் புரிய வைக்க இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஹம்பக்கர் எனப்படும் இரட்டைச் சுருள் பிக்கப்பிலும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. கிப்சன் நிறுவனத்துக்காக சேத் லவர் வடிவமைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த அமைப்பில், இரு சுருள்களுக்கும் இடையே ஏறத்தாழ 18 மி.மீ. இடைவெளி உண்டு. நான்காம் சீரிசையின் கணு இரு சுருள்களுக்கும் சரியாக நடுவில் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு சுருளின் நேர் மேலே விழுந்தால் அந்தச் சுருளுக்குக் கேட்காது. மற்றதற்கு மூன்றில் ஒரு பங்களவு கேட்கும். ஹம்பக்கர் பொருத்திய கிட்டாரில் 5ஆவது ஃபிரெட் ஹார்மோனிக் முழுவதுமாக மறைந்துவிடாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மறைகிறது என்று நான் சொல்லும் இடங்களில் எல்லாம் முழு அமைதி நிலவும் என்று வாசகர்கள் எதிர்பார்த்துவிடக் கூடாது. ஒற்றைச் சுருள் பிக்கப்பும் ஒரு புள்ளியைக் கேட்பதில்லை. சில மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டைக் கேட்கிறது. சுரம் சேர்வதற்காகப் பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில்கள் ஒவ்வொரு தந்திக்கும் சற்று முன்பின்னாக நிறுத்தப்படுவதால், கால் பங்கு தூரமும் தந்திக்குத் தந்தி சிறிது மாறும். பிக்கப்பின் காந்தப்புலம் தூரத்தோடு சீராகக் குறைவதில்லை என்பதால் தந்தியில் இல்லாத அதிர்வெண்களும் சிறிதளவு பிறக்கின்றன. இவற்றால் கணுவிலும் ஏதோ கொஞ்சம் கசிந்து வரும். ஆனால் நன்றாக ஒலிக்கும் பிக்கப்போடு ஒப்பிட்டால் வேறுபாடு காதுக்குப் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

இனி 22 ஃபிரெட், 24 ஃபிரெட் என்ற வாதத்துக்கு வருகிறேன். 24 ஃபிரெட் கொண்ட கிட்டாரில் ஃபிரெட் பலகையே அந்தக் கால் பங்கு இடத்தைத் தாண்டி நீள்வதால், நெக் பிக்கப் பிரிட்ஜை நோக்கி நகர வேண்டியிருக்கிறது. அது 140 மி.மீ. தூரத்தில் பொருத்தப்பட்டிருப்பதாக வைத்துக்கொண்டால், 648 மி.மீ. தந்தியில் நான்காம் சீரிசை பத்தில் நான்கு பங்கு அதற்குக் கேட்கும். கட்டுரையாளர் பரிந்துரைத்த கிட்டாரில் கேட்காத ஹார்மோனிக், அவர் தவிர்க்கச் சொன்ன கிட்டாரில் ஓரளவு கேட்கிறது. அதற்கு ஈடாக ஐந்தாம் சீரிசை அங்கே குறைந்து, கால் பங்காகிவிடுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிக்கப்பை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு சீரிசையின் கணுவுக்கு அருகில்தான் அது போய் நிற்கும்.

இவையெல்லாம் திறந்த தந்திக்குச் சொன்னவை. ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கத் தொடங்கியதும் 24ஆவது ஃபிரெட்டின் மாயம் பெரும்பாலும் கலைந்துவிடுகிறது. அழுத்தும்போது அதிரும் நீளம் குறைகிறது, பிக்கப் நகர்வதில்லை. அதனால் தந்தியின் கணுக்கள் எல்லாம் இடம் மாறுகின்றன. ஆனால் ஒன்று மாறுவதில்லை: பிக்கப்புக்குக் கேட்காத அதிர்வெண். தந்தியில் அலை செல்லும் வேகத்தையும், பிரிட்ஜிலிருந்து பிக்கப்புக்கு உள்ள தூரத்தையும் மட்டுமே அது சார்ந்தது. எங்கே அழுத்துகிறோம் என்பதைச் சார்ந்ததில்லை. ஆறாவது தந்தியின் அடிப்படை அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸ். கால் பங்கு தூரத்திலுள்ள பிக்கப்புக்கு அந்தத் தந்தியில் 330 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், எந்த ஃபிரெட்டில் அழுத்தினாலும், கேட்பதில்லை.

5ஆவது ஃபிரெட்டில் அழுத்தினால் அந்தத் தந்தி 110 ஹெர்ட்ஸ் தரும். கேட்காமல் போவது இப்போது அதன் மூன்றாம் சீரிசை. 12ஆவது ஃபிரெட்டில் அழுத்தினால் இரண்டாம் சீரிசை போகும். 7ஆவது ஃபிரெட்டில் அழுத்தினால் நிலைமை தலைகீழாகிறது. அதிரும் நீளம் இப்போது முழு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பிக்கப் இருப்பது அந்தப் புதிய நீளத்தின் எட்டில் மூன்று பங்கு தூரத்தில். நான்காம் சீரிசைக்கு அது எதிர்க்கணு. ஆகவே இடக்கையால் 7ஆவது ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, வலக்கை விரலால் 12ஆவது ஃபிரெட்டின் மேல் தொட்டு எழுப்பும் செயற்கை ஹார்மோனிக், திறந்த தந்தியில் அடங்கிக் கிடந்த அதே நான்காம் சீரிசையாக இருந்தும், நெக் பிக்கப்பில் முழு வலிமையோடு ஒலிக்கும். ஒரு குறிப்பிட்ட இடம் ஹார்மோனிக்ஸுக்கு நிரந்தரமாக உகந்தது என்றோ உகந்ததன்று என்றோ சொல்லிவிட முடியாது என்பதை இந்த எடுத்துக்காட்டு தெளிவாக்கும். 22 ஃபிரெட் கிட்டாரின் நெக் பிக்கப் பலருக்கும் பிடித்திருப்பது உண்மை. அது பிரிட்ஜிலிருந்து அதிகத் தூரத்தில் இருந்து, அடிப்படை அதிர்வை நிறையக் கேட்டு, கனிந்த ஒலி தருகிறது. அதற்காக வாங்குவோர் வாங்கட்டும். ஹார்மோனிக்ஸுக்காக வாங்க வேண்டாம்.

ஒலியின் கூர்மையைக் குறைக்கும் டோன் குமிழைத் திறந்து வைத்தால் இந்தக் குறை தீரும் என்று சிலர் சொல்வதும் பயனற்றது. பிக்கப்பின் மின் அமைப்பு பெரிதும் தலையிடுவது சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில். மூன்றாவது தந்தியின் ஐந்தாம் சீரிசைகூட 980 ஹெர்ட்ஸ்தான். சுருளுக்குள் வராத ஒன்றை எந்தக் குமிழாலும் கூட்ட முடியாது. பிக்கப்பின் உயரம் அப்படியன்று. நெக் பிக்கப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாக உயர்த்தி வைத்தால், காந்தத்தின் இழுப்பால் தந்தியின் அதிர்வே கோணி, சுரம் அலைபாயும். ஹார்மோனிக்ஸில் அது உடனே வெளிப்படும். பழுது பார்க்க வரும் கிட்டார்களில் நான் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று, அந்தப் பிக்கப்பின் திருகுகளைச் சற்றுத் தளர்த்தி அதை இறக்குவது.

ஹார்மோனிக்ஸை வைத்துச் சுருதி சேர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கால் நேரடிப் பயன் ஒன்று உண்டு. ஆறாவது தந்தியின் 5ஆவது ஃபிரெட் ஹார்மோனிக்கும் ஐந்தாவது தந்தியின் 7ஆவது ஃபிரெட் ஹார்மோனிக்கும் ஏறக்குறைய ஒரே சுரம், முன்னது 329.6 ஹெர்ட்ஸ், பின்னது 330 ஹெர்ட்ஸ். இரண்டையும் ஒருங்கே ஒலிக்கவிட்டு, இரண்டும் கலந்து ஒலி ஏறியிறங்கும் அலைப்பு நிதானமாகும் வரை முறுக்குவது வழக்கம். நெக் பிக்கப்பில் இதைச் செய்தால் முன்னது கேட்காது, பின்னது மட்டும் ஒலிக்கும், அலைப்பே தெரியாது. பழக்கமில்லாதவர்கள் தங்கள் விரலைக் குறை சொல்லிக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல்வதைப் பார்த்திருக்கிறேன். நடுப் பிக்கப்பில் மூன்றாம், நான்காம் சீரிசைகள் இரண்டும் ஏறக்குறைய சம அளவில் கேட்பதால், இந்த வேலைக்கு அதுவே மிகப் பொருத்தம். 12ஆவது ஃபிரெட் ஹார்மோனிக்கைச் சுருதி காட்டும் கருவியான டியூனரில் காட்டிச் சேர்ப்பதானால் நெக் பிக்கப்பே போதும். நான்காம் சீரிசை விலகி நிற்பதால் டியூனரின் முள் தடுமாறாது.

கட்டுரையோடு வெளியான படத்தையும் குறிப்பிட வேண்டும். 5ஆவது ஃபிரெட் ஹார்மோனிக்கைக் காட்டும் அந்தப் படத்தில், நான்கு பாகங்களாக அதிரும் தந்தியின் புடைப்பு ஒன்று நெக் பிக்கப்பின் நேர் மேலே வருமாறு வரையப்பட்டிருந்தது. 22 ஃபிரெட் கிட்டாரில் அந்த இடத்தில் புடைப்பு வராது; இரண்டு புடைப்புகள் சந்திக்கும் கணுவே வரும். கட்டுரையின் மற்ற பகுதிகளில் திருத்த எதுவும் இல்லை. அந்தப் படத்தை மட்டும் கணு பிக்கப்பின் மேல் விழுமாறு திருத்தி, 22 ஃபிரெட் பற்றிய பரிந்துரையை நீக்கிய குறிப்போடு வரும் இதழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்